அள்ளக் குறையும் பாத்திரம்

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையில் நமக்குப் பாதிதான் தெரியும். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்ததும், மதுரையில் பசித்தவர்க்கெல்லாம் அவன் சோறிட்டதும் பாடப்புத்தகம் வரைக்கும் வந்துவிட்டன. மிச்சக் கதையை நாம் அதிகம் பேசுவதில்லை. மழை பெய்து பாண்டிநாடு செழித்ததும் அவனிடம் சோறு கேட்டு வர ஆளில்லாமல் போகிறது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கப்பலில் வந்தவர்கள் சொல்கிறார்கள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவன் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் கப்பல் நிற்கிறது. இறங்கியவன் ஏறிவிட்டான் என்று நினைத்து மாலுமிகள் பாய்விரித்துப் போய்விடுகிறார்கள். மனிதவாடையே இல்லாத தீவில், வற்றாத பாத்திரத்தோடு அவன் தனியே நிற்கிறான். கடைசியில் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான்.

கடல் கடந்து உதவி செய்யப் புறப்பட்டவர்களில், நம் இலக்கியத்தில் நான் அறிந்தவரை இவன்தான் மூத்தவன். பணம் இல்லாமலோ மனம் இல்லாமலோ அவன் தோற்கவில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது கொடுப்பவன் என்று ஒருவனும் இல்லை என்பதை அந்தத் தீவு அவனுக்குக் காட்டிவிட்டது. அதே பாத்திரம் பிறகு மணிமேகலை கைக்கு வருகிறது. காஞ்சியில் பஞ்சம் என்று வஞ்சியில் கேள்விப்பட்டு அவள் இங்கே வந்து ஊருக்கே உணவிடுகிறாள். இந்தக் கதையைச் சொன்ன சாத்தனார் ஒரு கூலவாணிகர், தானியம் அளந்து விற்றவர். நாளெல்லாம் அளந்துகொண்டிருந்த மனிதர்தான் அளக்கவே வேண்டாத ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்திருக்க முடியும். குறையாத பொருளுக்குக் கணக்கு எழுத வேண்டியதில்லை. நம் கையில் இருப்பதெல்லாம் குறைகிற பாத்திரங்கள்.

இன்றைக்கும் அந்தக் கப்பலில் ஏறுகிறவர்கள் உண்டு. லண்டன் புறநகரில் ஒரு வீட்டு வரவேற்பறையில், ஸ்வீடனில் ஒரு நூலகத்தின் பின்னறையில், டொரண்டோவில் ஒரு தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் ஏழெட்டுப் பேர் கூடி ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்கிறார்கள். தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார், அல்லது மருத்துவராக. சம்பளம் கிடையாது. விமான டிக்கெட்டும் பெரும்பாலும் சொந்தச் செலவுதான். வேலை முடிந்து வந்த இரவுகளில் ரசீது எழுதுகிறார், நன்கொடையாளர்களுக்குக் கடிதம் போடுகிறார், ரூபாயின் மாற்று மதிப்பைப் பார்த்துக் கவலைப்படுகிறார், காஞ்சிபுரத்திலிருந்து வரவேண்டிய காலாண்டு அறிக்கைக்காகக் காத்திருக்கிறார். அறிக்கையில் படம் இருக்கவேண்டும். படம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பணம் திரட்டுவது சிரமம். படத்தில் இருக்கும் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

இப்படியான உழைப்பைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. காஞ்சிபுரம் அதனால் பயன்பெற்ற ஊர். இங்கே பட்டுத்தறியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த காலம் வெகுதூரத்தில் இல்லை. உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. கரைக்கான நாடாவைப் பக்கத்திலிருந்து வாங்கிப் போட இன்னொரு ஆள் வேண்டும். பெரியவரை வைத்தால் கூலி கட்டாது என்று அந்த இடத்தில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். அறுந்த இழையை முடிச்சிடவும் பாவு புணைக்கவும் சின்ன விரல்கள் வசதியாக இருந்தன. தறிக்காரரிடம் அப்பா வாங்கிய முன்பணம் தீரும்வரை பிள்ளை எழுந்திருக்க முடியாது, முன்பணமோ தீராது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட பட்டுத்தொழில் பற்றிய அறிக்கை, கர்நாடகத்தையும் வாரணாசியையும் சொல்லும்போது காஞ்சிபுரத்தையும் சேர்த்தே சொன்னது.

‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ இங்கே வந்தது இந்தச் சூழலில்தான். ஓலே, குனெல் ப்ளோம்க்விஸ்ட் என்ற ஸ்வீடன் தம்பதியின் முயற்சியில் தொடங்கிய சிறிய அமைப்பு அது. 2002இல் காஞ்சிபுரத்தில் இந்திய அறக்கட்டளையாகப் பதிவானது. ஏ.பி.பி. என்ற பெரும் பொறியியல் நிறுவனத்தை நடத்திய பெர்சி பார்னெவிக் பின்னர் அதற்குத் தோள் கொடுத்தார். இங்கே பொறுப்பை கல்பனா சங்கர் ஏற்றார். தறியிலிருந்து எழுப்பிய பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதாது, வீட்டில் அம்மா கையில் வருமானம் இல்லாவிட்டால் அதே பிள்ளை அடுத்த மாதம் தறிக்குத் திரும்பிவிடும் என்பதைப் புரிந்துகொண்டு, பெண்களின் சுயஉதவிக் குழுக்களை மையமாக வைத்தார்கள். இங்கே உருப்பெற்ற வழிமுறை பிறகு ஆப்கானிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் போனது. வெளிநாட்டு உதவியை வாங்கிக்கொண்டிருந்த ஊர், வேலை செய்யும் முறையை வெளிநாட்டுக்கு அனுப்பியது.

பார்னெவிக் வாழ்க்கையில் ஒரு முரண் உண்டு. ஏ.பி.பி. அவருக்குக் கொடுத்த ஓய்வூதியத் தொகை 14.8 கோடி சுவிஸ் பிராங்க் என்று 2002இல் வெளியானபோது ஐரோப்பாவே கொதித்தது. பங்குதாரர்கள் கேட்டார்கள், பத்திரிகைகள் கேட்டன, அவர் ஏறக்குறைய 9 கோடியைத் திருப்பிக் கொடுத்தார். சம்பளம் வாங்கிய பதவிக்கு அப்படிக் கணக்குக் கேட்ட உலகம், ஊதியமில்லாத அறப்பணிக்கு வந்தால் யாரிடமும் அந்தக் குரலில் பேசுவதில்லை. இதில் அவரைக் குறைசொல்ல எதுவுமில்லை. கேட்கிறவர்களின் தொண்டை எங்கே திறக்கிறது, எங்கே அடைத்துக்கொள்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கவேண்டும்.

எங்கள் பக்கம் வெளிநாட்டுத் தலைவர் வரும் நாள் எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசலில் கோலம், தட்டில் சந்தனமும் கற்கண்டும், பிள்ளைகளின் நடனம். பொன்னாடை போர்த்துவோம், பட்டு ஊரில் போர்த்துகிற பொன்னாடை பெரும்பாலும் பட்டாக இருக்காது என்பது வேறு விஷயம். பேச்செல்லாம் முடிந்தபின் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “போன வருஷம் தையல் மிஷின் தர்றதா சொன்னீங்களே சார்?” என்று கேட்டுவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் அவள் கையைப் பிடித்து இழுப்பார். “சும்மா இரும்மா, அவரே தன் காசைப் போட்டு வந்திருக்காரு.”

கூலியில்லாத் தலைமையின் மொத்தச் சிக்கலும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. ஊதியம் வாங்காதவருக்கு நாம் ஊதியத்துக்குப் பதிலாக ஒன்றைக் கொடுத்துவிடுகிறோம்: கேள்விக்கு அப்பாற்பட்ட இடம். அவர் அதைக் கேட்கவுமில்லை. நாமே வலியக் கொண்டுபோய் வைக்கிறோம். உள்ளூர்க் கோயில் தர்மகர்த்தாவுக்கும் இது நடக்கும். ஆனால் அவர் மறுநாள் டீக்கடைக்கு வந்தாகவேண்டும், கடைப் பேச்சு அவர் காதில் விழும். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் காதில் எதுவும் விழாது. அவருக்கு வருவதெல்லாம் அறிக்கையும் படமும்.

அந்த அறிக்கை எந்தத் திசையில் பயணம் செய்கிறது என்று பாருங்கள். ஸ்வீடனில் நன்கொடை திரட்டும் அமைப்புகளுக்கு 90 என்று தொடங்கும் சிறப்புக் கணக்கு எண் தருகிறார்கள். வரவில் குறைந்தது 75 சதவீதமாவது நோக்கத்துக்குப் போயிருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்தியப் பக்கம் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம். 2020 செப்டம்பரில் அதைத் திருத்தியபின், எந்த நாட்டிலிருந்து வரும் நன்கொடையும் முதலில் புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக்கு வந்தாகவேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவும் வழியில்லை. ஒரு பெரிய அறக்கட்டளை தன் பங்கிலிருந்து ஒரு தெருக் குழுவுக்குக் கொஞ்சம் தருவது என்பது அத்தோடு முடிந்தது. இந்த விதிகளில் சில தேவையானவை, சில சின்ன அமைப்புகளின் மூச்சை முட்டவைப்பவை. அந்த வாதத்தை இங்கே நீட்டவில்லை. பணம் ஸ்டாக்ஹோமில் புறப்பட்டு தில்லி வழியாகக் காஞ்சிபுரம் வருகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு தணிக்கையாளர் இருக்கிறார். கடைசி நிறுத்தமான பிள்ளையார்பாளையத்துத் தறித்தெருவில் மட்டும் யாருமில்லை. கணக்கெல்லாம் கொடுத்தவரை நோக்கியும் அரசை நோக்கியும் மேலே போகிறது. கீழே ஒரு தாளும் வருவதில்லை.

இதனால் பெரிய திருட்டு நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. நேர்மையானவர்களிடமும் நடக்கிற ஒரு சறுக்கல் இது. தறியிலிருந்து இத்தனை பிள்ளைகளை மீட்டோம் என்று அறிக்கை சொல்லும். பிள்ளை எழுந்துபோன இடத்தில் இப்போது யார் உட்கார்ந்து நாடா வாங்கிப் போடுகிறார் என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இருக்காது. வீட்டுக்காரிதான் உட்கார்ந்திருப்பாள், சமையலுக்கும் தண்ணீருக்கும் நடுவில், தனிக்கூலி இல்லாமல். அவளிடம் கணக்கை வாசித்துக் காட்டியிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு இது கடலோரம் முழுக்க விரிவாக நடந்தது. கோவளமும் மாமல்லபுரமும் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. உலகம் முழுவதிலுமிருந்து சின்னதும் பெரிதுமாக அமைப்புகள் வந்து இறங்கின. படகு கொடுத்தால் படம் நன்றாக வரும். தமிழகக் கரையில் பல ஊர்களில் பேரலைக்கு முன்பு இருந்ததைவிட அதிகமாக ஃபைபர் படகுகள் சேர்ந்தன. கடலில் மீன் அதிகமாகவில்லை. கருவாடு விற்கும் விதவைக்கும், படகே இல்லாமல் கரையில் கூலிவேலை பார்த்த தலித் குடும்பத்துக்கும் உதவி பெறுவோர் பட்டியலில் இடம் கிடைப்பது பாடாக இருந்தது. பட்டியலைப் பல இடங்களில் தந்தது உள்ளூர் மீனவப் பஞ்சாயத்து. ‘உள்ளூரிடம் விட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாதபடி அந்தப் பட்டியல்கள் குறுக்கே நிற்கின்றன.

அறத்துக்கென்று எழுதிவைத்த பணம் கேட்பாரில்லாமல் கிடந்ததற்கு நம்மிடம் பழைய சாட்சியும் இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். கோயில்களுக்கும் தருமங்களுக்கும் என்று உயில் எழுதிவைத்திருந்தார். பொறுப்பேற்றவர்களும் உறவினர்களும் வழக்காடியதில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. தலைமை அரசு வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் பிடித்து, நீதிமன்றம் ஒரு திட்டம் வகுத்தபின்தான் 1842இல் சென்னையில் பள்ளி வந்தது. காஞ்சிபுரத்துப் பச்சையப்பன் பள்ளியில் பிற்காலத்தில் அண்ணா படித்தார். அந்த அரை நூற்றாண்டில் படித்திருக்கக்கூடிய பிள்ளைகளுக்கு நீதிமன்றத்தில் ஏறிக் கேட்க உரிமையும் இல்லை, அப்படி ஒரு பணம் இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் நெசவாளர் எப்போதும் கையேந்தும் இடத்தில்தான் இருந்தார் என்று நினைத்தால் காஞ்சியின் சரித்திரம் ஒப்பாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலின் காரியங்களைப் பட்டசாலியரான நெசவாளர்கள் குடியிருந்த நான்கு சேரிகளின் பொறுப்பில் விட்டதை அது பதிவு செய்கிறது. முதல் யாரிடம் இருக்கிறது, அதற்கு வட்டி என்ன, எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று நுணுக்கமாகச் சொல்லிக்கொண்டு போகும் ஆவணம் அது. திருவிழா முடிந்ததும் கணக்கைப் பார்த்துவிடவேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். திட்ட அறிக்கைகளில் இன்று ‘பயனாளி’ என்று குறிக்கப்படுகிறவரின் தொழில்முன்னோர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் அறங்காவலர்.

இன்னும் கொஞ்சம் தெற்கே உத்திரமேரூர். வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளை, குடத்தில் ஓலையிட்டுத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். தேர்தல் பகுதியைவிடத் தகுதியிழப்புப் பகுதிதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் திரும்ப நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, சிற்றன்னை பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மாமனார், மருமகன் என்று நீளும் உறவினர் பட்டியலும் நிற்க முடியாது. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரும் குடத்துக்குள் போகாது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். ஓலையை எடுப்பது விவரம் தெரியாத சின்னப் பையன். வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். மனிதர்கள் கெட்டவர்கள் என்ற எண்ணத்தில் எழுதிய விதிகளாக எனக்கு இவை படவில்லை. நல்லவர்களும் நாற்காலியில் நெடுநாள் உட்கார்ந்தால் என்ன ஆவார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதியவை. 919இல் எழுதிய ஏற்பாட்டில் குறை கண்டு, 921இல் அவர்களே திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டினார்கள். முதலில் முப்பதாக இருந்த குறைந்தபட்ச வயதை முப்பத்தைந்தாக்கினார்கள். தங்கள் விதி தவறிவிட்டது என்று இரண்டே ஆண்டில் ஊரறியச் சொல்ல எந்த அறக்கட்டளையின் ஆண்டறிக்கை துணியும்?

ஆனால் இந்த விதிகளை எழுதிய உத்திரமேரூர்ச் சபை பிராமணர்களின் சபை. நிலமும் வேதமும் இல்லாதவர்க்கு அங்கே இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. ஏரியை வெட்டியவர் பெயர் குடத்துக்குள் இல்லை. அந்தச் சபையை முன்மாதிரி என்று தூக்கிக்கொண்டாட என்னால் முடியாது. கணக்கு விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அதற்குப் பதில் கற்பனையில் இல்லை, நம் தெருவிலேயே இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கி, 1997இல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவிய சுயஉதவிக் குழுக்களைத்தான் சொல்கிறேன்.

பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள். ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், யாருக்கும் சம்பளமில்லை. கூட்டம் தொடங்கியதும் சேமிப்புப் பணத்தை நடுவில் வைத்து எல்லோர் கண்முன்னும் எண்ணுகிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து, தெரியாதவர் கைநாட்டு. உள்கடன் யாருக்கு, எதற்கு, எத்தனை தவணை என்பது உரக்க வாசிக்கப்படுகிறது. பொறுப்பு சுழற்சியில் மாறவேண்டும் என்பது விதி. எல்லாக் குழுவிலும் இது ஒழுங்காக நடப்பதில்லை. ஒரே பெண் பத்தாண்டு ஊக்குநராக இருக்கும் குழுக்களும், புத்தகத்தை எழுத வெளியாளைத் தேடும் குழுக்களும் உண்டு. இருந்தாலும் ஊக்குநரைப் பார்த்து, “போன வாரம் எழுதின எரநூறு எங்கக்கா?” என்று கேட்பதற்கு அங்கே யாரும் கூசுவதில்லை. அந்த இருநூறில் கேட்கிறவளின் பணமும் இருக்கிறது. வெளிநாட்டுத் தலைவர் முன்னால் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப்பட்டவளும் இவள்தான். ஓரிடத்தில் கேள்வி வருகிறது, இன்னோரிடத்தில் வருவதில்லை. அவள் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். பணத்தில் தன் பங்கு உண்டா இல்லையா என்பதே வித்தியாசம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். தானமாக வரும் பணத்தில் வாங்குகிறவருக்குப் பங்கு எப்படி வரும்? கேள்வி கேட்டால் உதவி நின்றுவிடும் என்ற பயம் அவருக்கு இருக்காதா? இருக்கும். அந்தப் பயத்தை வாங்குகிறவரால் போக்க முடியாது. கொடுக்கும் பக்கத்தில் தலைவராக இருப்பவரால்தான் முடியும். கூலியில்லாமல் உழைக்கிறவருக்கு உண்மையில் இருக்கிற அதிகாரம் இதுதான்: ‘என்னைக் கேளுங்கள், அதனால் பணம் நிற்காது’ என்று எழுத்தில் கொடுப்பது. பிள்ளைகளுக்காக வரும் பணத்தில் அம்மாக்களுக்குச் சொந்தப் பங்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளைகளின் படத்தைக் காட்டி அந்தப் பணம் திரட்டப்பட்டதோ, அவர்களின் அம்மாக்களுக்குக் கணக்குக் கேட்க அதைவிடப் பெரிய உரிமை வேறென்ன வேண்டும்?

நடைமுறையில் இது பெரிய காரியமில்லை. தலைவர் மூன்றாண்டுக்குமேல் தொடரக்கூடாது; தொடங்கியவரானாலும் சரி. அவருடைய மனைவியோ மைத்துனரோ அடுத்து உட்காரக்கூடாது. நிர்வாகக் குழுவில் பிள்ளையார்பாளையத்துப் பெண்கள் இரண்டு பேராவது வாக்குரிமையோடு இருக்கவேண்டும், அவர்களுக்குப் புரியும் மொழியில் கூட்டம் நடக்கவேண்டும். இதனால் வேலை மெதுவாகும். மொழிபெயர்க்க ஆள் வேண்டும், அதற்கும் செலவாகும், அந்தச் செலவு நிர்வாகத்துக்கான 20 சதவீதத்துக்குள் அடங்கவேண்டும். சில தலைவர்கள் மனம் புண்பட்டு விலகுவார்கள். கேள்வி கேட்டதற்காக விலகுகிறவர் நன்றியை எதிர்பார்த்து வந்திருந்தார் என்பது அப்போதே தெரிந்துவிடும். பத்தாண்டு கழித்துத் தெரிவதற்கு அது மேல். விலகாதவர்கள், பொன்னாடை போர்த்துகிற ஊர் தங்களை நம்பிக் கேள்வியும் கேட்கிறது என்று கொஞ்சம் பெருமைப்படலாம்.

முதல் படியாக ஒன்று செய்யலாம். அடுத்த ஆண்டறிக்கை கடல் கடந்து அச்சுக்குப் போகுமுன், அதைத் தமிழாக்கித் தறித்தெருவில் ஒரு மாலை உரக்க வாசிக்கட்டும். ஆட்சேபம் வந்தால், சொன்னவரை அடையாளம் காட்டாமல், அறிக்கையோடு சேர்த்தே அச்சிடட்டும்.